பழைய தமிழ் எழுத்துருக்களும் பேஜ்மேக்கரும்: ஒரு மதிப்பீடு

ஒருங்குறி பரவலாவதற்கு முன் தமிழைக் கணினியில் எழுதவும் அச்சிடவும் உருவாக்கப்பட்டவை பாமினி, வானவில், ஸ்ரீலிபி, இளங்கோ முதலிய எழுத்துருக்கள். அவற்றுடன் இணைந்து பயன்பட்ட பக்க வடிவமைப்பு மென்பொருள் பேஜ்மேக்கர். இவை உருவான காலத்தின் தொழில்நுட்ப நெருக்கடிகள் 2000களிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிட்டன. ஆனாலும் தமிழகத்தின் டி.டி.பி. மையங்களிலும் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் இவை நெடுங்காலம் நீடித்தன. இந்த நீடிப்பு பழக்கத்தின் பிடிவாதம் என்றும், தொழில்நுட்ப அறியாமை என்றும் விமர்சிக்கப்படுகிறது. அந்த விமர்சனம் ஒரு பகுதி மட்டுமே சரியானது. பழைய கருவி நீடித்ததைவிட, அந்தக் கருவிக்குள் மட்டுமே தமிழ்ப் பிரதிகள் அடைபட்டுப் போனதே உண்மையான இழப்பு. இக்கட்டுரை அந்த வேறுபாட்டை ஆராய்கிறது.

ஒரு சொல், மூன்று கணக்கு

சிக்கலை விளக்க ‘கொல்லிமலை’ என்னும் சொல் போதுமானது. நாமக்கல் மாவட்டத்தில், 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருக்கும் இந்த மலையின் பெயர் சங்கப் பாடல்களிலிருந்து இன்றைய கோயில் நோட்டீஸ்வரை தொடர்ந்து எழுதப்பட்டு வருகிறது. தமிழ் எழுத்து முறை கணினிக்குக் கொடுக்கும் சிரமங்கள் பலவும் இந்த ஒரு சொல்லில் உள்ளன. ‘கொ’ என்னும் எழுத்தில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் நிற்கிறது. ‘ல்’ புள்ளி பெறுகிறது. ‘லி’ என்பதில் குறி எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ‘லை’ என்பதில் குறி மெய்க்கு முன்னால் வருகிறது. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்தைய நூல்களில் இதே ‘லை’ துதிக்கை போன்ற வளைவுடன் வேறு வடிவில் அச்சாகியிருக்கும்.

தமிழ் படிக்கும் குழந்தைக்கு இது ஐந்து எழுத்து: கொ, ல், லி, ம, லை. ஒருங்குறியில் இது ஒன்பது குறியீடு: க, ஒகரக்குறி, ல, புள்ளி, ல, இகரக்குறி, ம, ல, ஐகாரக்குறி. பாமினியில் பத்து. அந்தப் பத்தும் தமிழ் எழுத்துகளே அல்ல. என், எஃப், எச், ஒய், அரைப்புள்ளி, ஒய், பி, கே, ஐ, ஒய் என்னும் ஆங்கிலக் குறியீடுகளாகவே அந்தச் சொல் கணினியில் சேமிக்கப்படுகிறது. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுகிறது. திரையிலும் தாளிலும் கொல்லிமலை தெரியும். எழுத்துருவை நீக்கினால் எஞ்சுவது பொருளற்ற ஆங்கில எழுத்துகள்.

பின்னணி

இந்த ஏற்பாட்டை ஏமாற்று வேலை என்று சொல்வது அக்காலச் சூழலை மறப்பதாகும். எட்டுப் பிட் குறியாக்கத்தில் மொத்தம் 256 இடங்களே உண்டு. அவற்றில் முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கும் கட்டளைக் குறிகளுக்கும் உரியவை. இயங்குதளங்கள் தமிழை அறியாதிருந்தன. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைப்பதே தமிழைத் திரையில் கொண்டுவர எளிதான வழியாக இருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே இதைச் செய்ததால், ஓர் எழுத்துருவில் எழுதியதை மற்றொன்றில் படிக்க இயலாமல் போனது.

இதற்குத் தீர்வாகப் பொதுக் குறியாக்கங்கள் வந்தன. இணையத்தில் இயங்கிய தமிழ் ஆர்வலர்கள் 1990களின் பிற்பகுதியில் திஸ்கியை உருவாக்கினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் குறியாக்கங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றது. ஒருங்குறியில் தமிழ் 1991ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலேயே இடம்பெற்றிருந்தது. ஆனால் விண்டோஸ் 2000 வெளிவந்த பிறகே சாதாரணக் கணினியில் அதைப் பயன்படுத்த முடிந்தது. 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது ஒருங்குறியும் டேஸ்16 குறியாக்கமும் அரசின் தரங்களாக அறிவிக்கப்பட்டன.

டேஸ்16 ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு தருவது. அதில் கொல்லிமலை ஐந்து குறியீடுகளே. தமிழ் இலக்கணக் கண்ணோட்டத்தில் இது நேர்த்தியானது. ஆனால் ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்ததால் உலகின் பிற கணினிகள் அதைத் தமிழாக அறியவில்லை. ஐந்து, ஒன்பது, பத்து என்னும் மூன்று கணக்குகளில் எது சிறந்தது என்பதைவிட, எதை எல்லாக் கணினிகளும் தமிழ் என்று ஒப்புக்கொள்கின்றன என்பதே முடிவைத் தீர்மானித்தது.

நீடிப்பின் அடுக்குகள்

பாமினியின் விசை அமைப்பு கணினிக்காக எண்ணிச் செய்யப்பட்டது அல்ல. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஈழத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தார். இடக்கை விரல்கள் ய, ள, ன, க என்று அமரும் தட்டச்சு வரிசையே பாமினியிலும் பெரும்பாலும் தொடர்கிறது. தட்டச்சில் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ‘க’, பிறகு கால் என்று அடித்தால் ‘கொ’ கிடைக்கும். தாளில் இடமிருந்து வலமாக வடிவங்கள் விழும் வரிசை அது. பாமினி அந்த வரிசையை அப்படியே கோப்பின் சேமிப்பு வரிசையாக ஆக்கியது. இரும்புப் பொறியின் தேவை ஒன்று மென்பொருளின் உள்ளமைப்பாக மாறிவிட்டது.

இதற்குச் சமூகக் காரணமும் உண்டு. தமிழ்நாட்டில் தட்டச்சர் வேலைக்கு அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தட்டச்சுச் சான்றிதழ் பெற வேண்டும். கணினி பரவிய பின்னும் தட்டச்சுப் பயிலகங்களின் பயிற்சி பல ஆண்டுகள் பொறித் தட்டச்சிலேயே நடந்தது. கீழ்நிலை, மேல்நிலை என்று சான்றிதழ் பெற்ற ஒருவரின் விரல்களில் அந்த வரிசை பதிந்திருக்கிறது. அவருக்கு வேலை தந்தது அதுவே. அவரிடம் புதிய விசைப்பலகைக்கு மாறச் சொல்வது, சம்பாதித்த திறனைக் கைவிடச் சொல்வதாகும்.

அடுத்த அடுக்கு பேஜ்மேக்கர். ஆல்டஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்ட இந்த மென்பொருள் மேசைப் பதிப்பு என்னும் தொழிலையே தொடங்கிவைத்தவற்றுள் ஒன்று. 1994இல் அடோபி நிறுவனம் ஆல்டஸை வாங்கியது. 2001இல் பேஜ்மேக்கர் 7.0 வந்தது. அதுவே கடைசிப் பெரும் பதிப்பு. 2004இல் அதன் மேம்பாடு நிறுத்தப்பட்டது. பேஜ்மேக்கர் ஒருங்குறியை அறியாது. அதற்கு மாற்றாக அடோபி முன்வைத்த இன்டிசைன் 1999இலேயே வந்துவிட்டாலும், தமிழ் உட்பட்ட இந்திய மொழிகளின் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வசதி அதன் சி.எஸ். 6 பதிப்பில், 2012இல்தான் பொதுப் பயனுக்கு வந்தது.

இந்த இடைவெளி கவனிக்கத்தக்கது. 2000க்குப் பிறகு கணினி ஒருங்குறித் தமிழைக் காட்டியது. ஆனால் புத்தகம் செய்யும் முதன்மை மென்பொருள் 2012 வரை அதை ஏற்கவில்லை. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருங்குறிக்கு மாறாத அச்சகத்தாரைப் பழமைவாதி என்று சொல்ல இயலாது. மாறியிருந்தால் அவரால் வேலையே செய்திருக்க முடியாது. அதற்குள் அவரிடம் பத்தாண்டுக் கோப்புகளும், எழுத்துருத் தொகுப்புகளும், பழகிய பணியாளர்களும், பழைய கணினியில் ஒழுங்காக ஓடும் அச்சு இணைப்புகளும் சேர்ந்துவிட்டன. பழைய மென்பொருளைச் சுற்றி ஒரு தொழில் கட்டப்பட்ட பிறகு, மென்பொருளை மட்டும் தனியே பிடுங்கி எடுக்க முடிவதில்லை.

இழப்புகள்

முதல் இழப்பு தேடல். பாமினியிலோ வானவில்லிலோ அமைந்த ஒரு நூலின் கோப்பில் ஒருங்குறியில் ‘கொல்லி’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. அந்தக் கோப்பிலிருந்து செய்யப்பட்ட பி.டி.எஃப்.பிலும் நிலைமை பெரும்பாலும் இதுவே. படிக்கலாம், அச்சிடலாம், ஒரு பத்தியைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்ட முடியாது. ஊர் வரலாறு, மலை மக்கள் வழக்காறு, தலபுராண உரை என்று சிறு அச்சகங்களில் அச்சான நூல்கள் ஏராளம். அவற்றில் எத்தனையோ நூல்களின் ஒரே கணினிப் படி இத்தகைய கோப்புதான். ஆய்வு மாணவர் ஒருவருக்கு அந்த நூல்கள் இணையத்தில் இருந்தும் இல்லாதவை.

இரண்டாவது இழப்பு அகரவரிசை. பாமினிக் கோப்பில் ‘கொல்லி’ ஒற்றைக்கொம்பில் தொடங்குகிறது. எனவே கணினி வரிசைப்படுத்தும்போது கொல்லி, செம்மேடு, நெல், பொன் ஆகியவை ஒரே கூட்டமாக வந்து சேரும். கபிலர் வேறோரிடத்தில் நிற்பார். சொல்லடைவும் பெயரடைவும் கையால் செய்ய வேண்டியதாயிற்று. தமிழில் அக்காலத்தில் வெளிவந்த பல உரைநடை நூல்கள் அடைவு இல்லாமல் வெளிவந்ததற்கு இந்தச் சிரமமும் ஒரு காரணமாக இருந்திருக்க வாய்ப்புண்டு.

மூன்றாவது இழப்பு பார்வையற்ற வாசகர்களுக்குரியது. என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பான்கள் கோப்பில் உள்ள குறியீட்டைத்தான் படிக்கும், எழுத்துரு வரையும் வடிவத்தை அல்ல. பாமினியில் உள்ள கொல்லிமலையை அவை ஆங்கில எழுத்துகளின் குவியலாக ஒலிக்கும். கண்ணுள்ளவருக்கு முழுமையாகத் தெரியும் ஒரு பக்கம் மற்றவருக்கு முழுமையாக மூடப்பட்டிருக்கிறது. பழைய எழுத்துருக்கள் பற்றிய விவாதங்களில் மிகக் குறைவாகப் பேசப்பட்டதும் மிகக் கடுமையானதும் இந்த இழப்பே.

மாற்றமும் பதிப்பும்

பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் நெடுங்காலமாக உள்ளன. சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ், நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். கன்வெர்ட்டர் ஆகியவை பரவலாகப் பயன்பட்டவை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை முதலில் பழைய குறியாக்கங்களில் வெளியிட்டுப் பின்னர் ஒருங்குறிக்குக் கொண்டுவந்தது. பிரதியைக் காப்பாற்றும் வழி எது என்பதற்கு அது நல்ல முன்மாதிரி.

ஆனால் மாற்றிய பிரதியைத் திருத்திய பிரதி என்று கொள்வது பிழை. பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தால் போதும் என்று தட்டச்சு செய்தனர். ஔகாரக் குறியின் பின்பகுதிக்குப் பதில் ‘ள’ அடிக்கப்பட்டது. காலுக்குப் பதில் ‘ர’ அடிக்கப்பட்டது. தாளில் வேறுபாடு தெரியவில்லை. ஒருங்குறிக்கு மாறியபோது அந்தப் பிழைகள் நிலைபெற்றன. ‘ஔவையார்’ என்பது இணையத்தில் எண்ணற்ற இடங்களில் ஒகரத்தின் பின் ‘ள’ சேர்த்த ‘ஒளவையார்’ ஆகவே உள்ளது. சரியாக எழுதித் தேடுபவருக்கு அந்தப் பக்கங்கள் கிட்டுவதில்லை. பழைய மென்பொருள் மறைந்த பிறகும் அதன் பழக்கம் புதிய பிரதிக்குள் வாழ்கிறது.

தமிழ்ப் பதிப்பு வரலாற்றுக்கு இந்தச் சிக்கல் புதியது அல்ல. ஓலைச்சுவடிகளில் பொதுவாகப் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடுத்தப்படுவதில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். சுவடியில் இருக்கும் ‘கொல்லி’யைக் ‘கோலலி’ என்றும் வாசிக்க முடியும். எந்த வாசிப்பு சரி என்று பொருளும் யாப்பும் அறிந்த பதிப்பாசிரியர் முடிவு செய்தார். உ.வே. சாமிநாதையர் காலத்துப் பதிப்பாசிரியர்கள் செய்த பணியின் பெரும்பகுதி இதுவே. அவர்கள் சுவடியைப் படியெடுத்ததோடு நிற்கவில்லை, அதை ஆராய்ந்து பதிப்பித்தார்கள். பாமினிக் கோப்பு ஒருங்குறிக்கு வரும்போதும் அதே உழைப்பு தேவைப்படுகிறது. பொத்தானை அழுத்தி முடிக்கும் வேலையாக அதைக் கருதியது தமிழ்க் கணிமையின் குறைபாடு.

கொல்லிமலைச் சாமை: ஓர் ஒப்பீடு

பழையது எப்போது நீடிக்கிறது, எவ்வாறு பயனுடன் நீடிக்கிறது என்பதற்குக் கொல்லிமலையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை இம்மலையின் பழம்பயிர்கள். சேலம், நாமக்கல் பகுதியின் ஜவ்வரிசி ஆலைகளுக்குத் தேவையான மரவள்ளி பணப்பயிராகப் பரவியபோது அவற்றின் பரப்பு குறைந்தது. சந்தை ஒரு காரணம். சாமையை உரலில் குத்தி உமி நீக்கும் கடும் உழைப்பு மற்றொரு காரணம். அந்த உழைப்பு முழுவதும் பெண்கள் மேல் விழுந்தது.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே சிறுதானியப் பாதுகாப்புப் பணியில் ஈடுபட்டபோது, விதை வங்கிகளுடன் ஊர்களில் சிறு அரவை இயந்திரங்களையும் அமைக்க உதவியது. பாரம்பரியத்தைக் காக்க வேண்டும் என்ற அறிவுரையோடு அது நிற்கவில்லை. தானியம் பழையதாகவே இருந்தது, அதை உணவாக்கும் உழைப்பு குறைந்தது.

எழுத்துரு விவகாரத்தில் இதற்கு இணையானது விசைப்பலகை மென்பொருள்கள். எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் ஆகியவை பழைய தட்டச்சு, பாமினி முதலிய விசை வரிசைகளை அப்படியே ஏற்று, கோப்பில் ஒருங்குறியைப் பதித்தன. தட்டச்சரின் விரல் மாறவில்லை, சேமிக்கப்படும் குறியீடு மட்டும் மாறியது. 1999, 2010 ஆண்டுகளின் ஆணைகள் தரத்தை அறிவித்தன. அந்தத் தரத்தைச் சாதாரணப் பணியாளரின் மேசைக்குக் கொண்டுசேர்த்ததில் இத்தகைய இலவச மென்பொருள்களின் பங்கு ஆணைகளின் பங்கைவிடக் குறைந்தது அல்ல.

எதிர்வாதங்கள்

பழைய கருவிகளுக்கு ஆதரவான வாதங்களைப் புறக்கணிக்க முடியாது. கல்யாணப் பத்திரிகையும் திருவிழா நோட்டீஸும் தேடப்பட வேண்டியவை அல்ல, அச்சாகி விநியோகிக்கப்பட வேண்டியவை. அதற்குப் பேஜ்மேக்கர் போதும். தலைப்பு எழுத்துகளில் பழைய எழுத்துருக்களுக்கு இருந்த வகைமை ஒருங்குறி எழுத்துருக்களில் நெடுங்காலம் இல்லை. புதிய மென்பொருளின் சந்தாச் செலவு சிறு அச்சகத்துக்குப் பெரிது. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை நிறுத்துவதற்கு அதன் வயது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

உலக அளவிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. அமெரிக்க நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் டாஸ் இயங்குதளத்தில் வேர்ட்ஸ்டார் 4.0 கொண்டு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். டொனால்ட் நூத் 1978இல் முதன்முதலாக வெளியிட்ட டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளைக் கணிதவியலாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். டெக்கின் பதிப்பு எண் பை என்னும் கணித மாறிலியை நோக்கி ஓர் இலக்கம் ஓர் இலக்கமாக நகர்கிறது. பிழைதிருத்தம் தவிர வேறு மாற்றம் கூடாது என்பது அதை எழுதியவரின் முடிவு.

ஆனால் டெக்கையும் பேஜ்மேக்கரையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. டெக் கோப்பு வெற்று உரை. டெக் இல்லாத கணினியிலும் அதைத் திறந்து படிக்கலாம், தேடலாம். பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கப் பேஜ்மேக்கர் வேண்டும். திறந்த பின் படிக்க அதே எழுத்துரு வேண்டும். அந்தப் பழைய மென்பொருள் ஓட அதற்கேற்ற இயங்குதளம் வேண்டும். பேஜ்மேக்கர் 7.0 வெளிவந்த அதே 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்துவிட்டது. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் பிரதி போய்விடும். இரண்டும் பழைய மென்பொருள்களே. ஒன்று பிரதியைத் தன்னிடமிருந்து விலகி வாழ விடுகிறது, மற்றொன்று விடுவதில்லை.

மதிப்பீடு

பழைய எழுத்துருக்கள் தமிழுக்குச் செய்த பணி பெரிது. இயங்குதள நிறுவனங்கள் தமிழைக் கவனிக்காத காலத்தில் தமிழ்ப் புத்தகமும் செய்தித்தாளும் இணையப் பக்கமும் அவற்றாலேயே சாத்தியமாயின. அவற்றை உருவாக்கியவர்களையும் பயன்படுத்தியவர்களையும் பின்னாளைய வசதியிலிருந்து குறைசொல்வது நியாயமற்றது. குறை சொல்ல வேண்டிய இடம் வேறு. மாறுவதற்கான வழி கிடைத்த பிறகும் பதிப்பகங்களும் நிறுவனங்களும் தங்கள் கோப்புகளுக்கு ஓர் ஒருங்குறிப் படியைச் செய்து வைக்கவில்லை என்றால், அது அலட்சியம். அச்சுக்குப் பேஜ்மேக்கரைத் தொடர்வதற்கும் காப்பகத்துக்கு ஒருங்குறிப் படி வைப்பதற்கும் முரண்பாடு இல்லை. அந்தப் படி மெய்ப்புப் பார்க்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

நற்றிணை 201ஆம் பாடல் கொல்லிப்பாவையைப் பற்றிப் பேசுகிறது. காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே பெயர்ந்தாலும் தன் உருக் கெடாமல் நிற்கும் பாவை அது. அந்தப் பாடல் இன்று கிடைப்பது பாவையைப்போல மாறாமல் நின்றதால் அல்ல. ஓலையிலிருந்து ஓலைக்கும், ஓலையிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து ஒருங்குறிக்கும் ஒவ்வொரு காலத்திலும் யாரோ அதைப் பெயர்த்து எழுதியதால்தான். கொல்லிமலை அறப்பளீசுரர்மீது அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகமும் அதே வழியில்தான் இன்றைய மின்நூலகங்களுக்கு வந்து சேர்ந்தது. இவற்றுக்குக் கிடைத்த அந்த வாய்ப்பு 1990களிலும் 2000களிலும் எழுதப்பட்ட நூல்களுக்கும் கிடைக்க வேண்டும். அவற்றின் கோப்புகளைத் திறக்கத் தெரிந்த பணியாளர்களும், திறக்கக்கூடிய கணினிகளும் இருக்கும்போதே அந்த வேலை நடந்தாக வேண்டும்.